கருங்காலியில் ஆறு பள்ளம்

அப்பாண்டையைக் கட்டிலிலிருந்து கூடத்துப் பாய்க்கு இறக்கியபோது உடனிருந்தவர்கள் ஐந்து பேர். தோளைத் தாங்கியவர் அவனுடைய அண்ணன் தரணேந்திர நயினார், செஞ்சி பஜாரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருப்பவர். காலைப் பிடித்தவன் பெரியதம்பி, புதுச்சேரி மெல்லிசைக் குழுவில் அப்பாண்டையோடு பாங்கோஸ் தட்டுகிறவன். தலையணையை உதறிப் போட்டவள் அண்ணி ஞானம்பாள். கை எதிலும் படாமல் சுவரோரம் நின்று மேற்பார்வை பார்த்தவர் மேல்சித்தாமூரிலிருந்து வந்திருந்த பெரியப்பா மகன் சக்கரவர்த்தி நயினார். வாசற்படிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றவர் அடுத்த தெருச் சீப்புக்காரர் சர்தார் பாய். வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு பலர் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் இல்லை.

"மெதுவாண்ணா. நான் மல்லாட்ட மூட்ட இல்ல."

"மூட்டையா இருந்தா பேசாமக் கெடக்கும். வாய மூடிக்கினு எறங்குடா."

கட்டிலில் உயிர் விடக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். காலையில் வந்து பார்த்த டாக்டர், பொழுது சாய்கிற வரைக்கும் தாங்கினால் பெரிது என்று தரணேந்திர நயினாரை நடைக்கு அழைத்துப்போய்ச் சொன்னார். நடையில் சொன்னது கூடத்தில் கேட்காது என்று அவர் நினைத்துக்கொண்டார். அப்பாண்டைக்கு எந்தச் சத்தமும் தப்பாது. டாக்டரின் கார் கிளம்பியதும் அவனே, "பாயப் போடுங்க அண்ணி," என்றுவிட்டான்.

நெஞ்சில் வால்வு பழுது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் செய்துவிட்டுப் போன சேதம் அது. இருபது வருஷம் பொறுத்திருந்துவிட்டு, கச்சேரி மேடையிலேயே அவனைக் கீழே தள்ளியது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கையை விரித்த பிறகு, கிட்டாரை பஸ் மேலே கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

அண்ணனுக்கும் தம்பிக்கும் பதினெட்டு வயது வித்தியாசம். தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. புதுச்சேரிக்குப் படிக்கப் போனவன், சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுத் திரும்பிய ஒரு சொல்தா வீட்டு மாடியில் குடியிருந்தான். சொல்தா கொண்டுவந்திருந்த மின்சாரக் கிட்டாரை எடுத்தவன்தான், புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டான். பஜாரில் யாராவது "தம்பி இன்னா பண்றாரு?" என்று கேட்டால் "பாண்டிச்சேரில இருக்கான்," என்பார் நயினார். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. கேட்கும்படி அவர் நின்றதுமில்லை. கல்யாணப் பந்தலில் சினிமாப் பாட்டு வாசிக்கிறான் என்பது ஊருக்கே தெரியும். அவர் வாயால் அதைச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அவர்கள் சமணக் குடும்பம். பொழுதிருக்க உண்டு, தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிறவர்கள். நல்ல சாவு என்றால் அவர்களுக்கு இன்னதுதான் என்று உண்டு. நினைவு இருக்கும்போதே, பற்று வைத்த ஒவ்வொன்றையும் வீட்டுப் பெரியவர் பெயர் சொல்லிக் கேட்பார். போகிறவர் தன் வாயால் 'விட்டேன்' என்று சொல்ல வேண்டும். எல்லாம் விட்டபின் காதில் பஞ்ச நமஸ்காரம் ஓதுவார்கள். அவர்கள் தகப்பனார் விருஷபதாச நயினார் அப்படிப் போனவர். கடைசியில் தண்ணீரையும் விட்டுவிட்டு, கூப்பிய கை பிரியாமல் போனார். இன்றும் மேல்சித்தாமூர் மடத்தில் அதைச் சொல்லுவார்கள்.

அப்பாண்டை வாழ்ந்ததை ஊர் அதன் இஷ்டத்துக்குப் பேசியாகிவிட்டது. அவன் போவதையாவது ஒருவரும் குறை சொல்லக் கூடாது. அன்றைக்கு நயினாருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். சாட்சிக்கென்றே சக்கரவர்த்தி நயினாருக்கு ஆள் அனுப்பி வரவழைத்திருந்தார்.

முதுகை நேராக வைத்து, தம்பியின் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஆத்தோர நெலத்துல உன் பங்கு."

"விட்டேன்."

"இந்த வீட்டுல உன் பாகம்."

"விட்டேன். மேக்கு ரூமு மழைக்கு ஒழுகுது, பாத்துக்க."

"விட்டதப் பத்தி அப்பறம் பேசக் கூடாது."

"சரி, ஒழுகட்டும்."

ஞானம்பாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

"ராத்திரிச் சாப்பாடு," என்றார் நயினார்.

அப்பாண்டை பெரியதம்பியைப் பார்த்தான். கச்சேரி முடிந்து நடுராத்திரியில் கடற்கரை ஓரம் நின்று சாப்பிட்டதெல்லாம் இரண்டு பேர் முகத்திலும் வந்து போயிற்று.

"விட்டேன்."

"வெங்காயம், பூண்டு, கெழங்கு."

"உருளைக்கெழங்கு போண்டாவுமா?"

"கெழங்குன்னா எல்லாக் கெழங்குந்தான்."

"விட்டேன்," என்று பெருமூச்சு விட்டான். "பெரியதம்பி, நீ சாட்சி. ரொம்பக் கஷ்டப்பட்டு விட்டேன்."

"இன்னாடா இது, வெளையாட்டா?" என்றார் சக்கரவர்த்தி நயினார்.

"வெளையாடலண்ணா. நெசமாவே கஷ்டம்."

தரணேந்திர நயினார் தொண்டையைச் செருமினார். "கிட்டாரு," என்றார். அந்த வார்த்தையை அவர் அந்த வீட்டில் சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்பாண்டை தலையைத் திருப்பிக்கொண்டான். மூச்சு வாங்கிக்கொண்டான்.

"அத இப்பக் கேக்காதண்ணா."

"ஏன்?"

"கெட்டுக் கெடக்குது அது. பஸ்ஸு மேல எவனோ வாழைத்தார அதுமேல போட்டுட்டான். கெட்டுப்போனத விடறது ஒரு விடறதா? நைனா சொத்த மல்லாட்டைய மடத்துக்கு அனுப்பியிருப்பாரா? சரி பண்ணிக் குடு. ஒரு தபா சுருதி சேத்துப் பாத்துட்டு, நல்ல சாமானா, முழுசா விடறேன்."

"சாவப் போறப்ப கோர்ட்டுல பேசறாப்ல பேசறான் பாரு," என்றார் சக்கரவர்த்தி நயினார்.

தகப்பனார் பெயரை வைத்து ஒருவன் நியாயம் பேசினால் தரணேந்திர நயினாருக்கு நாக்கு எழாது. மண்டியில் சொத்தையைப் பொறுக்கித் தனியே போட்டுவிட்டு, நல்லதை மட்டும் மூட்டை கட்டி மடத்துக்கு அனுப்புகிற வழக்கம் இன்றைக்கும் அவர் கையால் நடந்துகொண்டுதான் இருந்தது.

"இன்னா கெட்டுது அதுக்கு?" என்றார்.

பெரியதம்பி கிட்டாரை எடுத்துவந்து பாயோரம் கிடத்தினான். சிவப்புப் பலகை, நீண்ட கழுத்து, ஆறு கம்பி. கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில், ஆறு கம்பிகளும் ஆறு பள்ளங்களில் உட்கார்ந்து போக ஒரு சின்ன வெள்ளைப் பட்டை உண்டு. அப்பாண்டை அதை நட்டு என்பான். அந்தப் பட்டை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி காணாமலே போயிருந்தது. உட்கார இடமில்லாத மூன்று கம்பிகள் தொளதொளவென்று கிடந்தன. தலையில் இருந்த சாவியை முறுக்கினால் அவை கழுத்தின் ஓரத்துக்கு நழுவின.

"சுண்டு வெரல் அளவு இல்ல," என்றார் நயினார். "இதுக்கா இவ்ளோ?"

"சுண்டு வெரல் அளவு வால்வுதான் எனக்கும் கெட்டுது."

"மெட்ராசுல கெடைக்கும்," என்றான் பெரியதம்பி. "போயிட்டு வரணும்னா..." முடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போதுதான் வாசலிலிருந்து சர்தார் பாயின் குரல் வந்தது. "நான் ஒண்ணு சொல்லலாமா நயினாரே? எங்கிட்ட எருமக் கொம்பு இருக்குது. இந்த அளவுக்கு ஒரு துண்டு அறுத்துக் குடுத்தா ஆயிடும்."

"கொம்பா?"

"கொம்புதான். எலும்பு இல்ல."

"உசுரோட இருந்தது எதுவும் வோணாம் பாய். தப்பா எடுத்துக்காதீங்க. இன்னிக்கு, இந்தக் கூடத்துல வோணாம்."

"இதுல தப்பு இன்னா இருக்குது? தெரியாதா எனக்கு?" சர்தார் பாய் சற்று யோசித்தார். "அப்ப சீப்பு அறுக்கிற வாள மட்டும் தரேன். பல்லு பல்லா அறுக்கிறது. இந்தப் பள்ளத்துக்கு அதுதான் தோது."

போனவர் ஈரத் துணியில் சுற்றிய வாளும் ஒரு மெல்லிய அரமுமாகத் திரும்பி வந்தார். "சோப்பு போட்டாச்சி. எம் பொண்ணு சாகிரா ரெண்டு தபா வெந்நி ஊத்திக் கழுவிக் குடுத்தா. தாராளமா உள்ள கொண்டு போங்க," என்று படியில் வைத்தார். தரணேந்திர நயினார் எழுந்து போய்த் தானே எடுத்துக்கொண்டார்.

யார் செய்வது என்று கேள்வி வந்தது. பெரியதம்பி கையை நீட்டினான்.

"நீ வேணாம்டா," என்றான் அப்பாண்டை. "தட்டித் தட்டி மரத்த கையி, உடச்சிடுவ. அண்ணன் செய்யட்டும். தராசு புடிச்ச கையி, ஆடாது."

எதில் செய்வது என்பதில் நயினாருக்குக் குழப்பமே இல்லை. நேராக மாடத்துக்குப் போய்த் தகப்பனாரின் கைத்தடியை எடுத்துவந்தார். கருங்காலித் தடி. நுனியில் வழவழவென்று வெள்ளைப் பிடி. மாற்றலாகிப் போன ஒரு துரை, விருஷபதாச நயினாரின் நாணயத்தை மெச்சிக் கொடுத்தது. சீமையில் கிடைக்கிற ஒருவகைப் பளிங்குக் கல் என்று தகப்பனார் வீட்டில் எல்லாருக்கும் சொல்லியிருந்தார். உற்சவ நாட்களில் மட்டும் தரணேந்திர நயினார் அதை ஊன்றிக்கொண்டு மேல்சித்தாமூருக்குப் போவார்.

"நைனா தடியையா?" என்றான் அப்பாண்டை. குரலில் கேலி இல்லை.

"பிடியோட நுனில கொஞ்சம் எடுத்தா தெரியாது. வெள்ளையாவும் இருக்குது. நீ சொல்லு, எப்படிச் செய்யணும்?"

அவன் சொன்னான். முதலில் பழைய பாதியைத் தட்டி எடுக்க வேண்டும். பக்கவாட்டில், மரக்கட்டை வைத்து, பிள்ளையை எழுப்புகிற மாதிரி. நயினார் தட்டினார். அது சொல்லிக்கொள்ளாமல் கழன்று விழுந்தது. பட்டை உட்கார்ந்திருந்த காடியில் ஒட்டியிருந்த பழைய பசையைக் கத்தி முனையால் சுரண்டினார். பிறகு பிடியின் நுனியை வாளால் அறுத்து, துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து அரத்தை ஓட்டத் தொடங்கினார்.

சக்கரவர்த்தி நயினார் நடைக்குப் போய்க் காற்றாட உட்கார்ந்தார். ஞானம்பாள் அடுப்பைப் பார்க்கப் போனாள். பெரியதம்பி சர்தார் பாயோடு வாசலுக்குப் போனான்.

அரம் கீச்சுக் கீச்சென்றது. சிறிது நேரம் கழித்து அப்பாண்டை மூக்கை உறிஞ்சினான்.

"அண்ணா. வாடை வருதா?"

"வருது."

"இன்னா வாடை?"

மயிர் பொசுங்குகிற வாடை. கல் பொசுங்காது. துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அறுத்த முகத்தில் மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வலை மாதிரி ஓடின. பளிங்கில் அப்படி ஓடிப் பார்த்ததில்லை. போன வருஷம் மடத்துக் கண்காட்சிக்கு யாரோ கொண்டுவந்த பழைய தந்தப் பெட்டியில் பார்த்திருக்கிறார். அன்றைக்கு அதைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"யானைண்ணா," என்றான் அப்பாண்டை மெதுவாக.

"வாய மூடு."

"எறும்பு மிதிபடும்னு ராத்திரியில கொல்லப்பக்கம்கூடப் போவாத மனுசன். நாப்பது வருசமா யானையக் கையில புடிச்சிக்கினு நடந்திருக்காரு."

"அவருக்குத் தெரியாதுடா! அந்தத் துரை கல்லுன்னு சொல்லிக் குடுத்திருக்கான்."

"தெரியாதுதான். எருமக் கொம்பு வோணாம்னுட்டு நீ போயி யானையத் தூக்கினு வந்தியே, உனக்கும் தெரியாதுதான்."

அவன் வயிறு குலுங்கியது. சத்தம் வரவில்லை, மூச்சு பற்றவில்லை. ஆனாலும் சிரித்தான். தரணேந்திர நயினார் கடுமையாக அவனைப் பார்த்தார். பார்த்தபடியே இருக்க முடியவில்லை. உதடு கோணிற்று. தோள் இரண்டும் ஆடத் தொடங்கின. வேட்டி நுனியை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இன்னா அங்க சிரிப்பு?" என்று நடையிலிருந்து கேட்டார் சக்கரவர்த்தி நயினார்.

"ஒண்ணுமில்ல," என்றார்கள் அண்ணனும் தம்பியும் ஒரே குரலில்.

நயினார் தடியிலிருந்து பிடியைத் திருகிக் கழற்றி, அதையும் துண்டையும் தரையில் விழுந்த பொடியையும் ஒன்று விடாமல் ஒரு வெள்ளைத் துணியில் சேர்த்து முடிந்தார்.

"இது வெளிய போவக் கூடாது."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்? அடுத்த பொறப்புல யானையாப் பொறந்தேன்னா நைனாகிட்ட நேரா கேட்டுக்கறேன்."

கிண்ணத்தில் கையைக் கழுவிவிட்டு நயினார் மறுபடி உட்கார்ந்தார். தடியின் கருத்த உடலை மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் தடவினார். பிறகு பூணைக் கழற்றி, அடிப்பக்கத்தில் நான்கு விரற்கடை அளந்து, வாளை வைத்தார். கருங்காலி லேசில் விடாது. வாள் உள்ளே இறங்க இறங்க அவர் நெற்றியில் நரம்பு தெரிந்தது. இந்தத் தடவை மரத்தின் வாடைதான் வந்தது.

அறுத்த துண்டை நீளவாக்கில் பிளந்து, ஒரு சில்லை எடுத்து இழைத்தார். காடியில் வைத்துப் பார்ப்பார், எடுப்பார், இரண்டு இழை இழைப்பார், மறுபடி வைப்பார். மண்டியில் கூடுதலாக விழுந்த ஒரு கொட்டையை எடுப்பதா விடுவதா என்று தராசு முள்ளைப் பார்க்கிற அதே முகம்.

"தானாப் போயி உக்காரணும்ணா. அடிச்சி எறக்கக் கூடாது. ஆனா கவுத்தா விழவும் கூடாது."

"தெரியுது."

"பள்ளம் தலப்பக்கம் கொஞ்சம் சரிவா எறங்கணும். தண்ணி ஓடற மாதிரி. தடிச்ச கம்பிக்கு அகலமா, மெலிசுக்கு ஒரு கோடு போதும்."

சீப்பு வாள் உண்மையிலேயே தோதாக இருந்தது. பழைய பட்டையின் பாதியைப் பக்கத்தில் வைத்து இடம் குறித்துக்கொண்டு, ஆறு பள்ளத்தையும் அறுத்தார். ஒவ்வொன்றையும் அறுக்கும்போது அப்பாண்டை கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டான். "போதும்" என்பான். வாள் நிற்கும். ஒரு தடவை நயினார் தன் பார்வையை நம்பி இன்னும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டார்.

"போதும்னேனே."

"மேலாப்புல இருந்துது."

"சரி, எறக்கிட்ட. இப்ப அந்தக் கம்பி கழுத்துல இருக்கற மெட்டுல ஒரசும். அடியில ஒரு தாள வை."

எந்தத் தாள் என்று கேட்டார். அப்பாண்டை ஆணியில் தொங்கிய தன் சட்டையைக் காட்டினான். பைக்குள் புதுச்சேரி பஸ் டிக்கெட் ஒன்று கசங்கிக் கிடந்தது. அதைக் காடி அளவுக்குக் கிழித்து அடியில் வைத்தார்கள்.

ஒட்டுவதற்கு வஜ்ரம் இருக்கிறது என்று, திரும்பி வந்திருந்த பெரியதம்பி சொல்லப் போனான். அது தோலைக் காய்ச்சி எடுத்த பசை என்பது ஞாபகம் வந்து தானே நாக்கைக் கடித்துக்கொண்டான். ஞானம்பாள் அஞ்சறைப் பெட்டியிலிருந்து வேலம்பிசின் கொண்டுவந்தாள். இரண்டு சொட்டு. கம்பியின் இழுப்பே அதைப் பிடித்துக்கொள்ளும் என்றான் அப்பாண்டை. பசை சும்மா பேருக்குத்தான்.

அதற்குள் வெயில் ராஜகிரியின் தோளுக்கு இறங்கியிருந்தது. சக்கரவர்த்தி நயினார் இரண்டு தடவை எழுந்து வந்து மலையையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தார். இருட்டினால் அவருக்கு மறுநாள் காலை வரைக்கும் சாப்பாடு இல்லை. ஞானம்பாள் அதைப் புரிந்துகொண்டு, "பெரியவரே, பின்கட்டுல எல போட்டிருக்கேன். சாப்ட்டுட்டு வந்துடுங்க," என்றாள்.

"இவன் இன்னும்..."

"சாப்ட்டுட்டு வந்துடுங்கண்ணா," என்றான் அப்பாண்டை. "நீங்க வர வரைக்கும் எங்கயும் போவமாட்டேன்."

அவர் போனார். அவருக்குப் பரிமாற ஞானம்பாளும் போனாள்.

கிட்டார் தன்னந்தனியாக வாசித்தால் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது, மின்சாரம் வேண்டும். ஒலிபெருக்கிப் பெட்டியெல்லாம் புதுச்சேரியில் இருந்தது. கூடத்தில் தரணேந்திர நயினாரின் ரேடியோ இருந்தது, செய்திக்கும் விலை நிலவரத்துக்கும் மட்டும் திறக்கிற ரேடியோ. அதன் முதுகில் இசைத்தட்டுப் பெட்டி செருக ஓர் ஓட்டை உண்டு என்று பெரியதம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"செருகு," என்றார் நயினார்.

ஒயர் அந்த ஓட்டையில் நிற்கவில்லை. ரேடியோவுக்குப் பின்னால் சுவரோடு ஒண்டி உட்கார்ந்து பெரியதம்பி அதைக் கையால் பிடித்துக்கொண்டான். ரேடியோவின் வால்வுகள் சூடாக நேரம் எடுத்தது. பிறகு 'உம்' என்று ஒரு முனகல் கூடம் முழுக்கப் பரவி நின்றது.

நயினார் தம்பியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவனைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். அவருடைய நிமிர்ந்த முதுகு அதற்குத் தோதாக இருந்தது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோதெல்லாம் அவன் அப்படித்தான் தூங்குவான். கிட்டாரை அவன் மடியில் வைத்தார்கள். கையைத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. வைத்தபின், கை தானே வேலையைப் பார்த்துக்கொண்டது.

மெல்லிய கம்பியைத் தட்டினான். ரேடியோவிலிருந்து அது தெளிவாக வந்தது. சாவியை மயிரிழை திருப்பினான். அடுத்த கம்பி. இரண்டையும் சேர்த்துத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டான். நயினாருக்கு ஒன்றும் தெரியவில்லை, இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன. ஆனால் தம்பியின் முதுகு எப்போது விறைக்கிறது, எப்போது தளர்கிறது என்பது அவர் நெஞ்சுக்குத் தெரிந்தது. தளர்ந்தால் அந்தக் கம்பி சேர்ந்துவிட்டது என்று கணக்கு.

மூன்றாவதில் ஒரு உரசல் கேட்டது. நயினார் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அப்பாண்டை அந்தப் பள்ளத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். உரசல் போயிற்று.

"நல்லா வந்திருக்குதுண்ணா."

"சும்மா சொல்லாத."

"நல்லா வந்திருக்குது. வெள்ளைய விட இது நல்லா இருக்குது. பெரியதம்பி, கேக்குதா?"

"கேக்குதுடா," என்றது ரேடியோவுக்குப் பின்னாலிருந்து வந்த குரல்.

நான்காவது சேர்ந்தது. ஐந்தாவதுக்கு வெகுநேரம் ஆயிற்று. நடுவில் கை கீழே விழுந்தது. நயினார் எடுத்து மறுபடி சாவியில் வைத்தார். ஐந்தாவதும் சேர்ந்து, முதுகு தளர்ந்தது.

வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நயினாருக்கு அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. அவன் காதருகே குனிந்தார்.

"அப்பாண்டை. சரியாயிடுச்சி. இப்ப சொல்லிடுறியாடா?"

அப்பாண்டையின் விரல்கள் தடித்த கம்பியின் சாவிக்குப் போயின.

"கொஞ்சம் இருண்ணா," என்றான்.

நயினார் இருந்தார்.

தடித்த கம்பி ஒரு தடவை ஒலித்தது. கனமான, தாழ்ந்த சத்தம். அது அடங்கும் வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது அடங்கி, ரேடியோவின் முனகல் மட்டும் மிஞ்சியது. முதுகு விறைக்கும் என்று அவர் காத்திருந்தார். விறைக்கவில்லை. இன்னும் சற்றுக் காத்திருந்தார். அவன் விரல் இன்னும் சாவியின் மேல்தான் இருந்தது.

"அண்ணா?" என்றான் பெரியதம்பி. "வயரு நழுவிடுச்சா? ஒண்ணும் கேக்கல."

"நழுவல," என்றார் நயினார். "புடிச்சிக்கினு இரு."

தம்பியின் காதில் வாய் வைத்துப் பஞ்ச நமஸ்காரத்தை முதலிலிருந்து கடைசி வரை, ஓர் எழுத்துக்கூடத் தடுக்காமல் ஓதினார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓதினார். கிட்டாரை அவன் மடியிலிருந்து எடுத்தபோது அவருடைய விரல் கம்பியில் பட்டுவிட்டது. கூடம் முழுவதும் அது கேட்டது. பின்கட்டிலிருந்து ஞானம்பாள் ஓடிவந்தாள். பின்னாலேயே, கழுவாத கையைத் தூக்கிப் பிடித்தபடி சக்கரவர்த்தி நயினார்.

மறுநாள் காலையில் தெருவை அடைத்துக் கூட்டம். மேல்சித்தாமூரிலிருந்து ஒரு பஸ் நிறைய உறவு வந்து இறங்கியது. பஜாரில் பாதிக் கடை திறக்கவில்லை. சர்தார் பாயும் அவர் தெருக்காரர்களும் பந்தல் கால் நட்டார்கள். புதுச்சேரிக் குழுவினர் வெள்ளைச் சட்டையில் ஒதுங்கி நின்றார்கள். அவர்களில் யாரையும் தரணேந்திர நயினார் முன்பு பார்த்ததில்லை. ஒவ்வொருவரிடமும் போய், பெயர் கேட்டு, "சாப்டாம வந்திருப்பீங்க," என்று உள்ளே அனுப்பினார்.

பந்தலில் சக்கரவர்த்தி நயினாரைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்குத் தம்பி மேல் பிரியம் இல்லாமல் இல்லை. அண்ணனின் முகத்தைப் பார்த்து, அந்த வீட்டுக்கு ஒரு நல்லது செய்ய வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும்.

"விருஷபதாச நயினார் புள்ளன்னா சும்மாவா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "ஒவ்வொண்ணா விட்டான். நெலத்த விட்டான், வீட்ட விட்டான். கடைசியில அந்தக் கிட்டாரு இருக்குது பாருங்க, அதத் தொட்டு மூணு தபா 'விட்டேன், விட்டேன், விட்டேன்'னான். மூணாவது தபா சொல்லி வாய மூடல, உசுரு போச்சி. அப்பன் போன மாதிரியே போயிட்டான்."

"சமாதி மரணம்," என்றார் மடத்துக்காரர் ஒருவர். பலர் கை கூப்பினார்கள். ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புள்ளையப் போயி என்னென்னவோ பேசினோமே," என்றாள்.

தரணேந்திர நயினார் தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பதினைந்து வருஷமாக அந்த ஊர் வாயிலிருந்து அவர் கேட்க விரும்பியது அது. யாரும் அவரைக் கேட்கவில்லை. பேசாமல் நின்றாலே போதும், அது அப்படியே நின்றுவிடும்.

"வாயத் தொறந்து விட்டாச்சி, இனிமே அந்தச் சாமான் இந்த வீட்டுல எதுக்கு?" என்று சக்கரவர்த்தி நயினார் பெரியதம்பியைத் தேடினார். "பாண்டிச்சேரிக்காரங்க எடுத்துக்கினு போவட்டும். இன்னா தரணேந்திரா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நயினார் தூணை விட்டு விலகி, நேராக நின்றார்.

"அது எங்கயும் போவாது," என்றார். "விட்டேன்னு அவன் சொல்லல. நாந்தான் புடிச்சிக்கினு இருந்தேன். 'கொஞ்சம் இருண்ணா'ன்னான், அவ்ளோதான். அஞ்சு கம்பி சேந்துது. ஆறாவது சேரல."